ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் நடுவில் காற்புள்ளி வேண்டுமா?



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர் பலரின் ஆங்கிலக் கொப்பிகளில் ஒரு விதி சிவப்பு மையினால் அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருக்கும். 'ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் நடுவில் கமா இடுக' என்பதே அது. வேறு சிலரின் கொப்பிகளில் இதற்கு நேர்மாறான விதி இருக்கும். 'ஒரே சொல் அடுத்தடுத்து வருவது பிழை, ஒன்றை வெட்டுக' என்று அது சொல்லும். இரண்டு விதிகளும் சில வாக்கியங்களுக்குச் சரியாகவும் வேறு சில வாக்கியங்களுக்கு முற்றிலும் பிழையாகவும் அமையும். ஆகவே இரண்டையும் மனனம் செய்வதை விட்டு, காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே எனது கருத்து.

'ஒரு சிறு கமாவுக்கு இவ்வளவு விளக்கமா?' என்று நீங்கள் கேட்கலாம். கமா ஒன்றினால் போகும் புள்ளி சிறிதாக இருக்கலாம். ஆனால் இந்த அரைகுறை விதியினால் வரும் நட்டம் சிறிதன்று. இரண்டாவது விதியை நம்பும் மாணவர், வாசிப்புப் பகுதியில் சரியாக எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தைக் கண்டாலும் 'இது அச்சுப்பிழை' என்று தடுமாறுகிறார். முதலாவது விதியை நம்பும் மாணவர், ஒன்றாக நிற்க வேண்டிய வினைச்சொற்களுக்கு நடுவே கமா இட்டு, தானே சரியாக அமைத்த வாக்கியத்தைத் தானே உடைக்கிறார்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் ஆங்கில எடுத்துக்காட்டுகளை வேண்டுமென்றே தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசியுங்கள். பின்னர் உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். அதுவே உங்களுக்கான முதற் பயிற்சி.

மூச்சு விடும் இடத்தில் கமாவா?

'வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே கமா போடு' என்று சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. இந்த எண்ணம் மிகப் பழையது. கி.மு. 3ஆம், 2ஆம் நூற்றாண்டுக் காலத்தில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோபனிஸ் என்பவர், உரத்து வாசிப்போர் எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று காட்டுவதற்குப் புள்ளிகளைப் பயன்படுத்தினார். 'கொம்மா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'வெட்டப்பட்ட துண்டு' என்பது பொருள். முதலில் வாக்கியத்தின் சிறு துண்டைக் குறித்த அச்சொல், பின்னர் அத்துண்டின் முடிவைக் காட்டும் குறிக்குப் பெயராயிற்று.

ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் காற்புள்ளி மூச்சை மட்டும் காட்டுவதில்லை. வாக்கியத்தின் அமைப்பையும் அதுவே காட்டுகிறது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைக்கு 'காதினால் கேட்டுப் போடு' என்ற அறிவுரை ஓரளவு உதவும். வவுனியாவிலோ மூதூரிலோ ஹட்டனிலோ, நாளுக்கு ஒரு பாடவேளை மட்டும் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்கு அது எப்படி உதவும்? இரு பிள்ளைகளும் எழுதுவது ஒரே ஆங்கில வினாத்தாள். ஆகவே காது பழகாத பிள்ளையின் கையில், சிந்தித்து முடிவெடுப்பதற்கான ஒரு வழியைக் கொடுக்க வேண்டும். அந்த வழி உங்கள் தமிழ் இலக்கணப் பாடத்திலேயே இருக்கின்றது.

சொல்லையன்று, சொல்லின் வேலையைப் பாருங்கள்

பின்வரும் இரு தமிழ் வாக்கியங்களைக் கவனியுங்கள்.

1. பாம்பு, பாம்பு! ஓடுங்கள்!
2. நேற்று மாலை மாலை வாங்கினேன்.

முதல் வாக்கியத்தில் 'பாம்பு' என்ற சொல் அச்சத்தினால் இரண்டு தடவை வந்தது. இரண்டும் ஒரே பொருள், ஒரே வேலை. ஒன்றை எடுத்துவிட்டாலும் செய்தி மாறாது, வேகம் மட்டும் குறையும். இதுவே அடுக்குத்தொடர். விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகிய காரணங்களால் சொற்கள் அடுக்கி வரும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

இரண்டாம் வாக்கியத்தில் முதலாவது 'மாலை' பொழுதைக் குறிக்கிறது. இரண்டாவது 'மாலை' பூமாலையைக் குறிக்கிறது. எழுத்தில் ஒன்றுபோல் தெரிந்தாலும் இவை இரு வேறு சொற்கள். ஒன்றை எடுத்துவிட்டால் பொழுது போய்விடும், அல்லது வாங்கிய பொருள் போய்விடும். இது அடுக்குத்தொடர் அன்று.

ஆங்கிலத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 'அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு சொற்களும் ஒரே வேலையைச் செய்கின்றனவா, வெவ்வேறு வேலையைச் செய்கின்றனவா?' இந்த ஒரு கேள்வியிலேயே பெரும்பாலான விடைகள் கிடைத்துவிடும்.

ஒரே வேலை: காற்புள்ளி இடுக

'ஐ ஆம் வெரி, வெரி ஹாப்பி.' நான் மிக மிக மகிழ்ச்சியாக இருக்கிறேன்.
'இட் வோஸ் அ லோங், லோங் ஜேர்னி.' அது நீண்ட நெடும் பயணம்.
'நோ, நோ, ஐ டிட் நொட் ரேக் இட்.' இல்லை இல்லை, நான் அதை எடுக்கவில்லை.

இங்கே இரண்டாவது சொல் முதற் சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கிறது. வேறு வேலை இல்லை. ஆகவே நடுவில் காற்புள்ளி இடுவது வழக்கம். ஒன்றை நீக்கிப் பாருங்கள். பொருள் அப்படியே நிற்கும், அழுத்தம் மட்டும் போகும்.

அபாயக் குரலாயின் காற்புள்ளிக்குப் பதிலாக ஆச்சரியக் குறி வரும். 'ஹெல்ப்! ஹெல்ப்!' என்று எழுதுவது போல. நடுவில் 'அன்ட்' வந்தால் காற்புள்ளி வேண்டியதில்லை. 'அகெய்ன் அன்ட் அகெய்ன்', 'மோர் அன்ட் மோர்' ஆகியவற்றை அப்படியே எழுதுங்கள். 'பை-பை', 'சோ-சோ' போன்றவை நமது இரட்டைக்கிளவியைப் போல ஒட்டியே நிற்பவை. இவற்றின் நடுவே வருவது சிறு கோடு, காற்புள்ளி அன்று.

வெவ்வேறு வேலை: காற்புள்ளி வேண்டாம்

'ஷீ ஹாட் ஹாட் ஹெர் லஞ்ச் பிஃபோர் த பஸ் கேம்.' பஸ் வருமுன் அவள் மதிய உணவை உண்டிருந்தாள். முதலாவது 'ஹாட்' துணைவினை. இரண்டாவது 'ஹாட்' முதன்மை வினை.

'ஐ நோ தட் தட் போய் இஸ் ஒனஸ்ட்.' அந்தப் பையன் நேர்மையானவன் என்று எனக்குத் தெரியும். முதலாவது 'தட்', தமிழில் 'என்று' செய்யும் வேலையைச் செய்கிறது. இரண்டாவது 'தட்', 'அந்த' என்று சுட்டுகிறது.

'ஐ கேவ் ஹெர் ஹெர் புக்.' அவளிடம் அவளுடைய புத்தகத்தைக் கொடுத்தேன். ஒன்று 'அவளிடம்', மற்றது 'அவளுடைய'.

'ஐ டூ டூ மை ஹோம்வேர்க்.' நான் வீட்டுப்பாடம் செய்யத்தான் செய்கிறேன். முதலாவது 'டூ' வற்புறுத்துகிறது, இரண்டாவது 'டூ' செய்கிறது.

இந்த நான்கு வாக்கியங்களும் சரியானவை. நான்கிலும் நடுவில் காற்புள்ளி இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒன்றை நீக்கிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 'ஷீ ஹாட் ஹெர் லஞ்ச்' என்பதும் வாக்கியமே, ஆனால் காலம் மாறிவிட்டது. 'ஐ நோ தட் போய் இஸ் ஒனஸ்ட்' என்பதும் வாக்கியமே. ஆகவே இரண்டாவது சோதனையாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரு சொற்களில் ஒன்றை எடுத்து, அதே வேலையைச் செய்யக்கூடிய வேறொரு சொல்லை வைக்க வேண்டும். 'ஷீ ஹாட் ஈட்டன் ஹெர் லஞ்ச்', 'ஐ நோ தட் திஸ் போய் இஸ் ஒனஸ்ட்', 'ஐ கேவ் மீனா ஹெர் புக்' என மாற்றலாம். இப்போது 'ஹாட்' என்பதற்கும் 'ஈட்டன்' என்பதற்கும் நடுவே கமா இடுவீர்களா? இட மாட்டீர்கள். அங்கே தேவைப்படாத கமா 'ஹாட் ஹாட்' என்பதற்கும் தேவையில்லை.

'ஹாட்' என்ற சொல் அடுத்தடுத்து 11 தடவை வரும் ஒரு புதிர் வாக்கியம் ஆங்கிலத்தில் பிரசித்தம். ஜேம்ஸ், ஜோன் என்ற இரு மாணவர்களில் ஒருவன் விடையாக 'ஹாட் ஹாட்' என்றும் மற்றவன் 'ஹாட்' என்றும் எழுத, ஆசிரியருக்கு 'ஹாட் ஹாட்' பிடித்துவிடுகிறது. இதை ஒரே வாக்கியமாகச் சொன்னால் அந்தச் சொல் வரிசையாக வந்து நிற்கும். குறிகள் இல்லாமல் வாசித்தால் தலை சுற்றும். காற்புள்ளி, அரைப்புள்ளி, மேற்கோட் குறி ஆகியன உரிய இடங்களில் அமர்ந்தவுடன் பொருள் தெளிவாகும். அங்கேயும் கூட, துணைவினையாகிய 'ஹாட்' என்பதற்கும் முதன்மை வினையாகிய 'ஹாட்' என்பதற்கும் நடுவே காற்புள்ளி விழுவதில்லை.

நடுவில் நிற்கும் சில வாக்கியங்கள்

சில வாக்கியங்களில் இரு சொற்களும் வெவ்வேறு வேலையைச் செய்யும். ஆயினும் வாசிப்பவர் இடறி விழக்கூடும்.

'ஹீ கேம் இன், இன் அ ரெட் ஷேர்ட்.' அவன் சிவப்புச் சட்டையுடன் உள்ளே வந்தான். முதலாவது 'இன்' வினையோடு சேர்ந்து உள்ளே வருவதைக் காட்டுகிறது. இரண்டாவது 'இன்' சட்டையோடு சேர்கிறது.

'வட் இட் இஸ், இஸ் அ ஸ்நேக்.' அது என்னவென்றால், ஒரு பாம்பு.

பொதுவாக எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே காற்புள்ளி இடலாகாது. ஆயினும் இரண்டாவது எடுத்துக்காட்டில், வாசிப்பவரின் வசதிக்காக இடுவது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 1906ஆம் ஆண்டு முதல் வெளிவரும் சிகாகோ நடைக் கையேடு, வேறுபட்ட வேலையைச் செய்யும் ஒரே வடிவச் சொற்கள் அருகருகே வரும்போது வாசிப்பு இலகுவாகுமாயின் காற்புள்ளி இடலாம் என்கிறது. 'இடலாம்' என்பதைக் கவனியுங்கள். கட்டாயம் என்று அது சொல்லவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதைவிட இலகுவானது. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். 'ஹீ கேம் இன் வெயாரிங் அ ரெட் ஷேர்ட்' என்றால் சிக்கலே இல்லை. 'இட் இஸ் அ ஸ்நேக்' என்றால் சொற்களும் குறையும். கமாவைப் பற்றி 5 நிமிடம் யோசிப்பதைவிட வாக்கியத்தை அரை நிமிடத்தில் மாற்றுவது நல்லது.

தமிழிலிருந்து இறங்கி வரும் இரட்டிப்பு

இனி நமது மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்கிறேன். 'ஸ்மோல் ஸ்மோல் ஹவுசஸ்', 'ஹொட் ஹொட் ஹொப்பர்ஸ்' என்று நம் நாட்டில் பேச்சு ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பேச்சில் அதைக் குறைகூற வேண்டியதில்லை. பரீட்சைக் கட்டுரையில் அதை எழுதிவிட்டு, நடுவில் ஒரு கமா இட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவதுதான் பிரச்சினை. சரியாகாது.

ஏன்? 'சின்னச் சின்ன வீடுகள்' என்று சொல்லும்போது நாம் 'மிகவும் சின்ன' என்று அழுத்திச் சொல்லவில்லை. பல வீடுகள் உள்ளன, ஒவ்வொன்றும் சின்னது என்கிறோம். தமிழில் இரட்டிப்பு இங்கே செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பன்மையே செய்துவிடுகிறது. ஆகவே 'ஸ்மோல் ஹவுசஸ்' போதும். நடுவில் கமா இட்டால் பொருள் 'மிக மிகச் சிறிய வீடுகள்' என்று திரும்பிவிடும். நீங்கள் சொல்ல வந்தது அதுவன்று.

இதுபோன்ற வேறு சிலவற்றையும் மனதிற் கொள்ளுங்கள்.

வீடு வீடாக: 'ஃப்ரொம் ஹவுஸ் ரு ஹவுஸ்'.
ஒவ்வொருவராக: 'வன் பை வன்'.
படிப்படியாக: 'ஸ்ரெப் பை ஸ்ரெப்'.
மெல்ல மெல்ல: 'ஸ்லோலி', அல்லது 'லிட்டில் பை லிட்டில்'.
நடந்து நடந்து: 'வோக்ட் அன்ட் வோக்ட்'.
வேறு வேறு இடங்கள்: 'டிஃபரன்ட் பிளேசஸ்'.
சுடச்சுட: 'பைப்பிங் ஹொட்'.

இந்தப் பட்டியலில் ஓரிடத்திலும் காற்புள்ளி இல்லை என்பதைப் பாருங்கள். தமிழ் சொல்லை இரட்டித்துச் சொல்வதை ஆங்கிலம் பெரும்பாலும் ஓர் இடைச்சொல்லினாலோ பன்மையினாலோ சொல்லிவிடுகிறது.

'தமிழை மறந்துவிடு' என்பது சரியான அறிவுரையா?

'ஆங்கிலம் எழுத உட்கார்ந்தால் தமிழை மறந்துவிடு' என்று மாணவர்களுக்குச் சொல்பவர்கள் பலர். நான் இதனை ஏற்கவில்லை. தாய்மொழியை மறப்பது இயலாத காரியம். இயலாத ஒன்றைச் செய்யச் சொன்னால் பிள்ளைக்குத் தன்மீதே நம்பிக்கை போய்விடும். தமிழ்மொழிமூல மாணவர் என்பதே ஆங்கிலத்தில் ஒரு குறைபாடு என்ற எண்ணம் அவர் மனதில் ஊன்றிவிடும். அந்த எண்ணம் எடுத்துக்கொள்ளும் புள்ளிகள், கமா எடுத்துக்கொள்ளும் புள்ளிகளைவிடப் பன்மடங்கு அதிகம்.

உண்மை என்ன? சொல் இரட்டித்து வருவதைப் பற்றி நுணுக்கமாகச் சிந்தித்த மொழி தமிழ். பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியம் தனியாக எடுத்துச் சொல்கிறது. ஒரு சொல் எக்காரணங்களுக்காக, எத்தனை தடவை வரை அடுக்கி வரலாம் என்று நன்னூல் வரையறை செய்கிறது. அடுக்குத்தொடருக்கும் இரட்டைக்கிளவிக்கும் வேறுபாடு சொல்லத் தெரிந்த மாணவருக்கு 'வெரி, வெரி' என்பதற்கும் 'ஹாட் ஹாட்' என்பதற்கும் உள்ள வேறுபாடு விளங்காமற் போகாது.

நம்மிடம் குறைவாக இருந்தது குறிகள்தான். ஓலைச்சுவடிகளில் இன்றைய நிறுத்தக் குறிகள் இல்லை. ஐரோப்பியரின் அச்சு வழக்கத்தோடு அவை தமிழுக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தமது உரைநடை நூல்களில் அவற்றைப் பயன்படுத்தி, மாணவர் இடறாமல் வாசிக்க வழி செய்தார். வேற்று மொழியில் இருந்து வந்த குறியை, தமிழின் தேவையை அறிந்து அவர் கையாண்டார். நீங்களும் ஆங்கிலக் குறியை ஆங்கிலத்தின் தேவையை அறிந்து கையாளுங்கள். தமிழை மறக்க வேண்டியதில்லை. தமிழில் இரட்டிப்பு செய்யும் வேலையை அறிந்து, அதே வேலையை ஆங்கிலம் எதனால் செய்கிறது என்று கேட்டாற் போதும்.

பரீட்சை மண்டபத்தில்

ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் இவ்வரிசையில் சிந்தியுங்கள்.

1. இரண்டும் ஒரே வேலையா? அழுத்தத்திற்காகவா? ஆம் எனில் காற்புள்ளி இடுக.
2. வெவ்வேறு வேலையா? மாற்றிப் போட்டுப் பார்த்து உறுதிப்படுத்துக. காற்புள்ளி வேண்டாம்.
3. வெவ்வேறு வேலையாயினும் வாசிப்பவர் இடறுவாரா? காற்புள்ளி இடலாம், மாற்றி எழுதுவது அதைவிட நல்லது.
4. தமிழ் இரட்டிப்பை அப்படியே எழுதிவிட்டீர்களா? கமாவினால் அதைத் திருத்த முடியாது. ஆங்கிலத் தொடரை எழுதுக.

இன்னொன்று. கட்டுரை முழுவதும் 'வெரி, வெரி' என்று எழுதிக்கொண்டு போக வேண்டாம். கமா சரியாக இருந்தாலும் அடிக்கடி வரும் அழுத்தம் அழுத்தமாக இராது. 'வெரி, வெரி ஹாப்பி' என்பதற்கு 'டிலைட்டட்' என்ற ஒரு சொல் போதும்.

இப்போது நீங்களே முயலுங்கள். விடைகளைப் பார்க்காமல் தீர்மானியுங்கள்.

அ. இட் வோஸ் அ கோல்ட் கோல்ட் நைட்.
ஆ. ஹீ செட் தட் தட் பஸ் வோஸ் லேட்.
இ. வீ ஹாட் ஹாட் நோ ரெய்ன் ஃபோர் அ மன்த்.
ஈ. ஷீ வென்ட் இன் இன் அ ஹரி.
உ. த சில்ட்ரன் கேம் வன் வன்.

விடைகள்: 'அ' இல் அழுத்தத்திற்காகவே சொல் மீண்டும் வந்தது, காற்புள்ளி இடுக. 'ஆ' இல் ஒன்று 'என்று', மற்றது 'அந்த', காற்புள்ளி வேண்டாம். 'இ' இல் துணைவினையும் முதன்மை வினையும் சேர்ந்துள்ளன, காற்புள்ளி வேண்டாம். 'ஈ' இல் வாசிப்பவருக்காகக் காற்புள்ளி இடலாம், அல்லது 'ஷீ ஹரிட் இன்' என்று மாற்றலாம். 'உ' தமிழ் இரட்டிப்பு, 'வன் பை வன்' என்று திருத்துக.

ஐந்தும் சரியெனில் மகிழ்ச்சி. ஒன்றிரண்டு பிழைத்திருந்தால் விடையை மனனம் செய்யாதீர்கள். எந்தச் சொல் என்ன வேலையைச் செய்தது என்பதை மீண்டும் ஒரு தடவை பாருங்கள். பரீட்சையில் இந்த ஐந்து வாக்கியங்களும் வரப்போவதில்லை. நீங்கள் இதுவரை காணாத வேறொரு வாக்கியமே வரும். அப்போது சிவப்பு மையில் எழுதிய விதி கைகொடுக்காது, சிந்திக்கும் பழக்கமே கைகொடுக்கும்.

உங்கள் முயற்சி வெற்றி பெற வாழ்த்துகிறேன்.